மூவறை வீட்டில் ஒரு டபுள் பேஸ்

மேற்கத்திய இசைக்குழு ஒன்று மேடையேறினால் நம் கண்கள் முதலில் தேடுவது வயலின்களைத்தான். அடுத்து, கையில் சிறு கோலுடன் நிற்கும் இசை நடத்துநரை. மேடையின் ஓரத்தில், உயரமான முக்காலியில் சாய்ந்தபடியோ நின்றபடியோ, ஆளுயர மரப்பெட்டி ஒன்றைத் தோளோடு அணைத்துக்கொண்டு நிற்பவர்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர்கள் வாசிப்பதுதான் டபுள் பேஸ். தமிழில் இதற்கென்று நிலைத்த பெயர் ஒன்றும் இல்லை. எங்கள் அம்மாவுக்கு அது இன்றுவரை 'பெரிய வயலின்'. ஒருமுறை மின்தூக்கியில் உடன் வந்த தாத்தா ஒருவர் உறைக்குள் இருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீணையா தம்பி, இவ்வளவு பெருசா?" என்று கேட்டார்!

என் தம்பி இந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கருவிதான் அவனைத் தேர்ந்தெடுத்தது. 2017-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தபோது இணைப்பாட நடவடிக்கைக்குத் தந்தியிசைக் குழுவைக் கேட்டான். வயலினுக்கு ஏற்கெனவே ஆள் நிறைந்துவிட்டது. செல்லோவுக்கும் அப்படியே. வரிசையில் நின்றவர்களில் உயரமானவன் இவன் என்பதால் ஆசிரியர் மூலையில் சாய்ந்திருந்ததைக் காட்டினாராம். அன்று வீட்டுக்கு வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

இப்படி மிச்சமிருந்த இடத்தில் சேர்ந்த இன்னொருவரைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி பொட்டெசினி (1821–1889). 1835-இல் மிலான் இசைக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர அவருக்கு இருந்த வாய்ப்புகள் இரண்டே இரண்டு: ஒன்று பசூன் என்னும் ஊதுகருவி, மற்றொன்று டபுள் பேஸ். வயலின் கற்றிருந்த அந்தப் பையன் சில வாரங்களிலேயே டபுள் பேஸ் பழகி, தேர்வில் வென்று உள்ளே நுழைந்துவிட்டான். படிப்பை முடித்து வெளியேறும்போது கிடைத்த 300 பிராங்க் பரிசுப் பணம், டெஸ்டோரே என்ற மிலான் கைவினைஞர் செய்த பழைய டபுள் பேஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கக் கைகொடுத்தது. உலகமே வியந்த வாசிப்பு அந்தக் கருவியில்தான் நிகழ்ந்தது. 1871-இல் கெய்ரோவில் வெர்டியின் 'ஐடா' இசை நாடகம் முதன்முதலில் அரங்கேறியபோது அதை நடத்தியவரும் இவரே. தம்பியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "300 பிராங்க்னா நம்ம காசுல எவ்வளவு அக்கா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஏனென்றால் அப்போது எங்கள் வீட்டில் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

2019-ஆம் ஆண்டின் இறுதி விடுமுறை அது. தம்பி உயர்நிலை மூன்றை முடித்திருந்தான். பள்ளியில் இருந்த டபுள் பேஸ் இரண்டு, வாசிப்பவர்கள் மூவர். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி. அதிலும் மாற்றி மாற்றித்தான் கைக்குக் கிடைக்கும். கருவியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி கிடையாது. வயலின் வாசிக்கும் பிள்ளைகள் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரவெல்லாம் பயிற்சி செய்யும்போது, இவனுக்கு வாய்த்தது நண்பனிடம் இரவல் வாங்கிய ஒரு பேஸ் கித்தார். இரண்டுக்கும் இ, ஏ, டி, ஜி என்று ஒரே சுருதிதான். ஆனால் கித்தாரில் விரல் வைக்க வேண்டிய இடத்தை மேட்டுக்கம்பிகள் காட்டிக்கொடுத்துவிடும். டபுள் பேஸில் கருங்காலிப் பலகை மொட்டையாக இருக்கும், காதுதான் வழிகாட்டி. வில் பிடிக்கும் பழக்கமும் கித்தாரில் வராது. ஒரு மாத விடுமுறை முடிந்து திரும்பும்போது விரல் நுனியில் காய்த்திருந்த தோல்கூட மெத்தென்று ஆகிவிடும். வெளியே உள்ள இளையர் இசைக்குழு ஒன்றுக்குத் தேர்வு எழுதிப் பார்க்கலாம் என்று நடத்துநர் அவனிடம் சொல்லியிருந்தார். அதற்குத் தினமும் ஒரு மணி நேரமாவது கருவியைத் தொட வேண்டும்.

அப்பா கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். கணக்கில் கறாரானவர். "இவன் இன்னும் நாலஞ்சு வருசத்துல தேசிய சேவைக்குப் போயிடுவான். ரெண்டு வருசம் இத யாரு வாசிக்கிறது? நீயா, நானா?" என்று கேட்டார். வாடகைக்கு எடுக்கலாம் என்றால், எங்களுக்குச் சொல்லப்பட்ட வாடகை மாதம் 90 வெள்ளி. இரண்டு ஆண்டுகளுக்கு 2,160 வெள்ளி கட்டிவிட்டு, கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. அப்பாவே அந்தக் கணக்கைக் காலண்டரின் பின்பக்கம் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார். அம்மாவிடம் சீட்டுப் பணம் 1,000 வெள்ளி இருந்தது. என்னிடம் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் இருந்தது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாடு போவதற்காக வைத்திருந்தது. அதில் 1,200 வெள்ளியைத் தருவதாகச் சொன்னேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறு ஆண்டு கோவிட் வந்து அந்தப் பயணமே இல்லாமல் போனது வேறு கதை. மீதி 1,500 வெள்ளியை அப்பா, "சரி, என்னமோ பண்ணுங்க" என்று ஒப்புக்கொண்டார். ஆக 3,700 வெள்ளி. அதற்குமேல் ஒரு காசுகூட இல்லை.

இனித் தேடும் படலம். டபுள் பேஸ் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகள் நம் வாசகர்களில் ஓரிருவராவது இருக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவு. 'முழு அளவு' என்ற ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. தொழில்முறைக் கலைஞர்கள் உட்பட உலகெங்கும் பலரும் வாசிப்பது 'முக்கால்' அளவைத்தான். அந்த முக்காலே தலை முதல் அடி வரை ஆறடி இருக்கும். ஒலிக்கும் தந்தியின் நீளம் மட்டும் ஏறத்தாழ 105 செ.மீ. 'அரை', 'கால்' எல்லாம் சிறுவர்களுக்கு. இணையத்தில் ஒருவர் முழு அளவு ஒன்றை மலிவாக விற்பதாகப் போட்டிருந்தார். தம்பிக்கு ஆசைதான். அவன் கையை விரித்து ஸ்கேலால் அளந்து காட்டிய பிறகே விட்டான்.

அடுத்து மரம். இங்கேதான் பணம் விளையாடுகிறது. மேல்பலகை ஸ்புரூஸ், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள் என்று முழுவதும் மரத்தைக் குடைந்து செதுக்கிய கருவிகள் ஒரு வகை. நல்லதொன்றை வாங்கப் போனால் எங்கள் 3,700 வெள்ளி முன்பணத்துக்குத்தான் ஆகும். இன்னொரு வகை முழுக்கப் பிளைவுட். மூன்றாவது இரண்டுக்கும் நடுவே: மேல்பலகை மட்டும் செதுக்கிய மரம், மற்றவை பிளைவுட். பிளைவுட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம் ஊர்த் தட்பவெப்பத்தை மறந்துவிட்டுச் சுளிக்கிறார்கள் என்பேன். சிங்கப்பூரில் ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பும். பிறகு குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் காய்ந்து சுருங்கும். இந்த இழுபறியில் தனிமரப் பலகை விரியும்; குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் தாக்குப்பிடிக்கும். பள்ளிகளில் அடிபட்டு மிதிபட்டும் பிளைவுட் கருவிகள் பல ஆண்டுகள் உழைப்பதற்கு அதுதான் காரணம். வில்லால் வாசிக்கும்போது செதுக்கிய மேல்பலகையின் ஒலி செழுமையாக இருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆகவே எங்கள் பணத்துக்கும் நம் வானிலைக்கும் நடுத்தர வகையே சரி என்று முடிவு செய்தோம்.

கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் புத்தம் புதிய கருவி, கண்ணாடிபோல் பளபளப்பு, 1,900 வெள்ளிதான் என்றார்கள். அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. தம்பி இடக்கை விரலால் ஒரு தந்தியை அழுத்திப் பார்த்தான். பலகையைத் தொடவே பெரும்பாடாக இருந்தது. தந்திகள் அவ்வளவு உயரத்தில் நின்றன. விற்பனையாளர், "ஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவுக்கு இது போதும், பழகிடும்" என்றார். பழகிவிடும்தான், மணிக்கட்டு வலி! மலிவான புதுக் கருவிகள் பலவும் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே விற்கப்படுகின்றன. குதிரையின் உயரம், தந்தி செல்லும் பள்ளம், விரல்பலகையின் வளைவு, இவற்றையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து சரிசெய்தால்தான் அது வாசிக்கும் பொருளாகும். அதுவரை அது வெறும் மரச்சாமான். பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

கடைசியில் கிடைத்தது பழைய கருவி ஒன்று. மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லவிருந்த சீன மாணவர் ஒருவர், தொடக்கக்கல்லூரி நாள்களில் வாசித்ததை விற்கிறார் என்று தம்பியின் நடத்துநர் வழியாகத் தெரிந்தது. ஹவ்காங்கில் அவர் வீடு. நாங்கள் நால்வரும் பெண் பார்க்கப் போவதுபோல் போனோம்.

பழைய கருவியைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தலைப்பக்கத்திலிருந்து விரல்பலகை வழியே ஒற்றைக் கண்ணால் நோக்கி, கழுத்து நேராக இருக்கிறதா, திருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு விரல் முட்டியால் ஓரங்களைச் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஒட்டு விட்டிருந்தால் அந்த இடத்தில் ஓசை மாறும், அல்லது ஏதோ சலசலக்கும். ஒட்டு விடுவது பெரிய குற்றமல்ல. இக்கருவிகளை விலங்குப் பசையால் ஒட்டுகிறார்கள். அது மரத்தைவிட வலுக்குறைவாக இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. மரம் இழுக்கும்போது பலகை பிளப்பதற்குப் பதிலாக ஒட்டு திறந்து வழிவிடும், மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். அஞ்ச வேண்டியது பலகையின் நடுவே, குதிரையின் காலடியில் ஓடும் விரிசலுக்குத்தான். அதைக் கண்டால் பேசாமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். அதன்பின் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு சுரமாக, அவசரப்படாமல் வாசித்துப் பார்க்க வேண்டும். சுருதி சேர்க்கும் பிரடைகள் நழுவுகின்றனவா, அடியில் நிற்கும் இரும்புக் கம்பியின் திருகு பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தத் திருகை அப்பா பார்த்தார். அதுவரை கைகட்டி நின்றவர், குனிந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "இது நம்ம பட்டறையில ஒரு நிமிச வேலை" என்றார்.

தம்பி வாசித்தான். அடித்தந்தியை மட்டும் முதலில், நீளமாக. விநாடிக்கு 41 அதிர்வுகள் மட்டுமே கொண்ட சுரம் அது. காதுக்கு முன்னால் நெஞ்சுக்குக் கேட்கும். அந்த வீட்டின் சன்னல் கண்ணாடி லேசாக நடுங்கியது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

கேட்ட விலை 3,500. அம்மா தேக்காவில் மீன் வாங்கும் அதே குரலில், "லாஸ்ட் பிரைஸ்?" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவரோ சிரித்துக்கொண்டே, வில்லும் உறையும் சேர்த்து 3,200 என்றார். வில்லில் பிரெஞ்சு முறை, ஜெர்மானிய முறை என இரண்டு உண்டு. முன்னதை மேலிருந்து கைகவிழ்த்துப் பிடிப்பார்கள். பின்னதைக் கீழிருந்து ஏந்திப் பிடிப்பார்கள். பள்ளியில் கற்றதும் இதுவும் பிரெஞ்சு முறையாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

கருவியின் எடை பத்து கிலோ அளவில்தான். தூக்குவதில் சிரமமில்லை, திருப்புவதில்தான் சிரமம். ஆறு பேர் அமரும் வாடகைக் கார் ஒன்றை அழைத்து, பின்னிருக்கைகளை மடக்கி, கழுத்தை முன்னே நீட்டிப் படுக்கவைத்தோம். தம்பி மட்டும் அதனோடு போனான். நாங்கள் மூவரும் பேருந்தில் போனோம்.

நேரே வீட்டுக்கல்ல, கருவி செப்பனிடும் முதியவர் ஒருவரின் பட்டறைக்கு. அங்கே கழிந்த அந்த ஒரு பிற்பகலுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். கருவியின் வயிற்றுக்குள், மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே, விரல் பருமனில் ஒரு சிறு மரத்தூண் நிற்கிறது. பசையில்லை, ஆணியில்லை. தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் ஒலி மாறும். எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் அது விழுந்தே போகும். ஆங்கிலத்தில் அதற்கு வெறும் 'சவுண்ட் போஸ்ட்' என்று பெயர். பிரெஞ்சிலும் இத்தாலிய மொழியிலும் அதை அழைக்கும் சொல்லுக்கு 'ஆன்மா' என்று பொருள். அந்த அங்கிள் வளைந்த கம்பி ஒன்றை ஒலித்துளை வழியே நுழைத்து, பல் மருத்துவரைப்போல் உள்ளே தட்டிக்கொண்டே, "பிளே... ஓகே, பிளே எகைன்" என்று தம்பியை ஏவிக்கொண்டிருந்தார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, ஒலி சட்டென்று திறந்துகொண்டது. அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஈரத்துணியை முகத்திலிருந்து எடுத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரையின் இரு கால்களையும் அறுத்து, நடுவே திருகு சக்கரங்கள் பொருத்தினார். மழைக்காலத்தில் பலகை உப்பித் தந்தி உயர்ந்தால், சக்கரத்தைத் திருகி இறக்கிக்கொள்ளலாம். இதற்கு 180 வெள்ளி. புதிய எஃகுத் தந்திகள் நான்குக்கு 280 வெள்ளி. கையில் மிஞ்சிய 40 வெள்ளியில் கார்க் கட்டணமும் வில்லுக்குத் தேய்க்கும் பிசினும் போக, இரவுச் சாப்பாடு உணவங்காடியில் ஆளுக்கொரு பரோட்டா. 1,900 வெள்ளிக்கருவியை வாங்கி அதன்மேல் ஆயிரம் வெள்ளி கொட்டியிருந்தாலும் இந்த ஒலி வந்திருக்காது என்பது தம்பியின் தீர்ப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மூவறை வீட்டில் அதற்கு இடம்? சன்னலோரம் வெயில், சமையலறைப் பக்கம் ஆவி, படுக்கையறையில் குளிரூட்டி. மிஞ்சியது கூடத்தில் சாமி மேடைக்கு அடுத்த மூலை. மார்கழியில் வந்தவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு இதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் மாட்டினார். எங்களை அவர் அவ்வளவு கவனமாக வளர்த்ததாக எனக்கு நினைவில்லை.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியது. பள்ளிகள் வீட்டுக்குள் வந்தன. இணைப்பாட நடவடிக்கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பள்ளியின் இரண்டு டபுள் பேஸ்களும் பூட்டிய அறைக்குள் இருந்தன. தம்பியின் கையில் மட்டும் கருவி இருந்தது. ஜூன் 1 வரை அந்த எட்டு வாரங்களும் தினமும் வாசித்தான். எனக்கோ இணையவழி விரிவுரை, அப்பாவுக்கு வேலையில்லாத கவலை, அம்மாவுக்கு நாலு பேருக்கு மூன்று வேளைச் சமையல். இதற்கு நடுவே யானை நடப்பதுபோல் ஓர் ஒலி! யானை என்றது சும்மா அல்ல. பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886-இல் விலங்குகளை வைத்து இயற்றிய 'கார்னிவல் ஆஃப் தி அனிமல்ஸ்' தொகுப்பில் யானைக்கு அவர் கொடுத்த கருவி டபுள் பேஸ்தான். தம்பி அதைத்தான் பழகிக்கொண்டிருந்தான்.

கீழ்வீட்டு மக்சிக் ஒருநாள் முகக்கவசத்தோடு மேலே வந்தார். கருவியின் அடிக்கம்பி தரையில் ஊன்றி நிற்பதால் அதிர்வு நேரே தரைக்குள் இறங்கி அவர் வீட்டுக் கூரையில் கேட்கிறதாம். சண்டையாகும் என்று பயந்தோம். அவர் நேரம் மட்டும் கேட்டார். அஸர் தொழுகை முடிந்து மாலை ஐந்து முதல் ஆறரை வரை வாசித்தால் தொந்தரவில்லை என்றார். அப்பா கம்பியின் நுனிக்குத் தடித்த ரப்பர் மாட்டி, கீழே பழைய கம்பளத்தை நான்காக மடித்துப் போட்டார். அன்றிலிருந்து ஐந்து மணி என்றால் ஐந்து மணி.

ஒரு மாலை தம்பி ஏதோ விளையாட்டாக வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டிக்கொண்டிருந்தான். நாற்காலியில் கண்மூடியிருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். "டேய், அது ராஜா பாட்டுடா!" பாட்டின் மெட்டு அதில் இல்லை. அடியில் ஓடும் பேஸ் வரிசை மட்டும்தான். முப்பது ஆண்டுகளாகக் கேட்ட பாட்டு. அதன் அடித்தளம் மட்டும் தனியே ஒலித்தபோதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு வானொலியில் பாட்டு ஓடும்போதெல்லாம், பாடகரை விட்டுவிட்டு, "கீழ என்ன போறான் பாரு" என்பார். இது அவருக்கு வந்த புது வியாதி.

இளையர் இசைக்குழுத் தேர்வில் முதல்முறை இடம் கிடைக்கவில்லை. மறுமுறை கிடைத்தது. பலதுறைத் தொழிற்கல்லூரி மூன்றாண்டும் அதில் வாசித்தான். 2024-இல், அப்பா காலண்டரின் பின்னால் கணக்குப் போட்டபடியே, தேசிய சேவைக்குப் போனான்.

"விற்கலாமா?" என்று கேட்டது தம்பிதான். வாங்கிய விலைக்கே போகும் என்றான். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா ஈரப்பத முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வாரங்கள் கழித்து, அவனுடைய பழைய பள்ளியில் உயர்நிலை இரண்டு படிக்கும் ஒரு பெண், அடுத்த புளோக்கில் இருப்பவள், தன் அம்மாவோடு வந்தாள். பள்ளியில் இப்போதும் இரண்டு டபுள் பேஸ். இவளுக்கு முன்னால் மூத்தவர்கள் இருவர். வாரத்தில் மூன்று நாள் ஐந்து மணிக்கு இங்கே வந்து வாசித்துக்கொள்ளலாமா என்று அவள் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்கள் அம்மா தேநீர் போட எழுந்துவிட்டார்.

முதல் நாள் அந்தப் பெண்ணால் மேல்தந்தியைக்கூட முழுதாக அழுத்த முடியவில்லை. தம்பியின் கைக்கு ஏற்ற உயரம் அது. அப்பா அடிக்கம்பியைக் குறுக்கினார். பிறகு தந்திகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, குதிரைச் சக்கரத்தில் கைவைக்கும் முன், முகாமில் இருந்த தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டார். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "ரெண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புங்கப்பா. எல்லாத் தந்தியையும் ஒண்ணாக் கழட்டிடாதீங்க."